ஒளிவீழ்த்திக் கலைச்சொற்கள்

கரும்பலகை இருந்த இடத்தில் இன்று பல வகுப்புகளில் வெண்திரை தொங்குகிறது. புரொஜெக்டர் எனப்படும் ஒளிவீழ்த்தியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிற்சில வேளைகளில் தமிழாசிரியரிடமே வந்து சேர்வதுண்டு. பெட்டியின் மீது அச்சிட்டுள்ள சொற்கள் விளங்காவிடின், விற்பவர் கூறுவதே முடிவாகிவிடும். தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவோர் இதில் வாளாவிருத்தல் கூடாது. 'பல்' என்பதற்கும் 'பல' என்பதற்கும் வேறுபாடு ஒரு சிறு புள்ளியே. பின்வரிசை மாணவன் கண்ணுக்கு அப்புள்ளி தெரியாவிட்டால் சொல்லே வேறாகிவிடும். ஆகவே, இன்றியமையாத சில சொற்களை இங்கே காண்போம்.

முதலாவது, லூமென். இலத்தீன் மொழியில் ஒளி எனப் பொருள்படும் இச்சொல், கருவி வெளியிடும் மொத்த ஒளியின் அளவைக் குறிக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியின் அளவு லக்ஸ் எனப்படும். 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடைய படத்தின் பரப்பு 3 சதுர மீட்டர். அதன்மீது 3000 லூமென் ஒளி பரவினால் 1000 லக்ஸ் கிடைக்கும். அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் 250 லக்ஸே கிடைக்கும். படம் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கும் என்பது இதனால் விளங்கும். 'அன்சி லூமென்' என்பது படப்பரப்பின் ஒன்பது இடங்களில் அளந்து, சராசரி கண்டு கூறும் அளவு. இரு கருவிகளை ஒப்பிடுங்கால் ஒரே முறையில் அளந்த எண்களையே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, கான்ட்ராஸ்ட் விகிதம். திரையின் வெண்மை, கருமையைப்போல் எத்தனை மடங்கு ஒளியுடையது என்பதை இது காட்டும். கறுப்பு நிற ஒளி என ஒன்று உலகில் இல்லை. ஒளி விழாத இடமே திரையில் கருமையாகத் தோன்றுகிறது. பெட்டியில் காணும் 10000:1 போன்ற எண்கள் இருட்டறையில் அளந்தவை. கருவியின் ஒளி 1000 லக்ஸாக இருக்க, சன்னல் வெளிச்சம் 250 லக்ஸ் திரைமீது விழுவதாகக் கொள்வோம். வெண்மை 1250, கருமை 250; விகிதம் 5:1 ஆகிவிடும். திரைச்சீலை ஒன்று மாட்டுவது, விலை உயர்ந்த கருவியினும் மிகுந்த பயன் தரக்கூடும்.

மூன்றாவது, ரெசல்யூஷன், அதாவது பிரிதிறன். திரைப்படம் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. 1024×768 என்றால் 7,86,432 புள்ளிகள். 1920×1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 'நேட்டிவ்' என்று குறித்திருப்பதே கருவியின் இயல்பான திறன். 'சப்போர்ட்' என்பது, கருவி ஏற்றுக்கொண்டு தன் அளவுக்குச் சுருக்கிக் காட்டக்கூடியதை மட்டுமே குறிக்கும். சுருக்கும்போது 'எரி', 'ஏரி' ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சிறு கோடுகள் மங்குகின்றன.

நான்காவது, த்ரோ விகிதம். கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்து வருவது இது. விகிதம் 1.5 எனில், 2 மீட்டர் அகலப் படத்திற்கு 3 மீட்டர் தொலைவு வேண்டும். வகுப்பறையை அளக்காமல் கருவி வாங்குதல் ஆகாது.

ஐந்தாவது, கீஸ்டோன். கட்டட வளைவின் உச்சியில் பொருத்தும் ஆப்பு வடிவக் கல்லின் பெயர் இது. கருவியைச் சாய்த்து வைத்தால் படமும் அக்கல்லைப்போல் ஒருபுறம் விரிந்து, மறுபுறம் குறுகும். பொத்தானை அழுத்தி மின்னணு முறையில் இதனைத் திருத்தலாம். ஆயினும் அப்போது படப்புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகி, எழுத்தின் கூர்மை குறையும். கருவியைத் திரைக்கு நேராக வைப்பதே நலம்.

வாங்குவதற்கு முன் பள்ளியிலேயே ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். வழக்கமான பகல் வெளிச்சத்தில் 'பல், பல, எரி, ஏரி' ஆகிய சொற்களைப் பாடத்திற்குரிய எழுத்தளவில் திரையிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து படித்துப் பாருங்கள். பெட்டியின் எண்கள் கூறுவது மெய்தானா என்பது அங்கே தெரிந்துவிடும்.