துணைவியாருக்கு ஒரு சிறிய கேமரா

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அப்போது நாம் மூணாறு பகுதியில் ஒரு கிளையில் பணியாற்றி வந்தோம். ஆகஸ்டு வெள்ளத்தின் வடுக்கள் சாலையெங்கும் இருந்தன. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காண, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கியபடி கொழுக்குமலைக்குப் போனோம். இடுக்கி மாவட்டத்தில் ஏறி, தேனி மாவட்டத்தில் இறங்க வேண்டிய மலை அது. துணைவியாரோடு அவருடைய தாயாரும் சித்தூரிலிருந்து வந்திருந்தார்.

நம் கழுத்தில் ஒரு பெரிய கேமரா தொங்கியது. முந்தைய ஆண்டு துணைவியாரின் பிறந்தநாளுக்கென வாங்கியது; இரண்டு லென்ஸ்கள், தோள்பை, எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் குறையாது. பூக்களுக்கு நடுவே அத்தை நின்றபோது, கேமராவைத் துணைவியாரிடம் தந்து, நாமும் போய் அருகில் நின்றோம். பனிமூட்டம் வந்துகொண்டிருந்தது. எதையோ திருகினார், எதையோ அழுத்தினார். ஐந்து படங்கள் விழுந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது ஐந்திலும் பின்னால் இருந்த மலை தெளிவாக இருந்தது. அத்தையின் முகம் மங்கலாக இருந்தது. 2021இல் அவர் காலமானார். குறிஞ்சிக்கு நடுவே அவர் நின்றதற்கு எங்களிடம் உள்ள சான்று அந்த மங்கிய ஐந்து படங்களே.

தவறு துணைவியாருடையதன்று. அவருக்கென்று சொல்லி நமக்குப் பிடித்ததை வாங்கினோம். கடனுக்கு வருபவரிடம் "உங்கள் தேவை என்ன?" என்று முதலில் கேட்கும் நாம், வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதன்பின் அந்தக் கேமரா அலமாரியிலேயே இருந்தது. அண்மையில் மீண்டும் ஒரு கேமரா வாங்க நேர்ந்தபோது கற்றுக்கொண்டவற்றை, இதே எண்ணத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுமென்று இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கைப்பேசி போதாதா?

இது முதலில் எழும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பகல் வெளிச்சத்தில், அருகில் நிற்பவரை எடுக்க நல்ல கைப்பேசியே போதும். ஆனால் தொலைவில் நிற்பதைப் பெரிதாக்கும்போது பெரும்பாலான கைப்பேசிகளில் படம் சிதைகிறது. மலையின் வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிவதில்லை. பயணத்தின் நடுவே மின்கலம் தீர்ந்தால் படத்தோடு தொலைபேசியும் போய்விடுகிறது. இவை இடையூறாகத் தோன்றாதவர்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தைச் சேமிப்பில் விட்டுவைப்பதே நன்று.

எளிமை என்பது புதிதன்று

துணைவியாரின் தந்தையார் வீட்டில் ஒரு பழைய ஆக்பா கிளிக் 3 இருந்தது. ஒரு காலத்தில் இந்திய நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இருந்த கேமரா அது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயிலா, மேகமா என்று தேர்ந்துகொண்டு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அந்த வீட்டின் பழைய படங்கள் பலவும் அதில் எடுத்தவை; எடுத்தவர் பெரும்பாலும் அத்தை. 1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி பெட்டிக் கேமராவும், 1977இல் தானாகவே குவியத்தைச் சரிசெய்துகொண்டு வெளிவந்த கோனிகா சி35 ஏஎஃப் கேமராவும் இதே வழியில் வந்தவை. எடுப்பவர் எதிரே நிற்பவரைப் பார்க்கட்டும், மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பதே அவற்றின் நோக்கம்.

முதலில் கேட்க வேண்டியது

இம்முறை கடைக்குப் போகுமுன் துணைவியாரிடம் ஒரு தாள் கொடுத்து, எவற்றையெல்லாம் படமெடுக்க விரும்புகிறார் என்று எழுதச் சொன்னோம். மறையூரின் கற்திட்டைகள், இரவிகுளத்து வரையாடு, பறம்பிக்குளத்தின் கன்னிமாரா தேக்கு, கார்த்திகை விளக்குகள், கல்பாத்தித் தேர், பள்ளிப் பிள்ளைகள் என்று எழுதினார். அவர் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியின் ஆசிரியை. அந்தப் பட்டியலே நமக்கு வழிகாட்டியது.

விளக்கொளியிலும் மாலை மங்கலிலும் எடுப்பதற்குச் சென்சாரின் அளவு முதன்மையானது. சாதாரணச் சிறிய கேமராக்களில் அது ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் உடையது. ஓர் அங்குல வகை எனப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பில் நான்கு மடங்குக்கு மேல். அதிக ஒளி விழுவதால் இருட்டில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறுவது குறைகிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட இதுவே கவனிக்கத்தக்கது.

தொலைவில் உள்ள விலங்குகளுக்கு நெடிய ஜூம் வேண்டும். கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 போன்றவை 40 மடங்கு ஜூமைச் சட்டைப்பைக்குள் அடக்குகின்றன. ஆனால் சென்சார் சிறியது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் சென்சார் ஓர் அங்குல வகை. ஆனால் அதன் மூன்றாம் பதிப்பில் ஜூம் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவு. ஏழாம் பதிப்பில் எட்டு மடங்கு உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. ஒலிம்பஸ் டிஜி-6 போன்றவை 15 மீட்டர் ஆழம் வரை நீர் தாங்கும். இடுக்கியின் மழையில் நனைந்தபடி வேலை செய்வோருக்கு அது பொருந்தும். பெரிய சென்சார், நெடிய ஜூம், குறைந்த விலை ஆகிய மூன்றும் ஒரே சிறிய கேமராவில் அமைவதில்லை. இரண்டைத் தேர்ந்து ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது என்பதைப் பயன்படுத்துபவரே சொல்ல வேண்டும்.

துணைவியார் வரையாட்டை விட்டுக்கொடுத்தார். "நான் மனிதர்களைத்தான் எடுக்கப்போகிறேன். ஆடு நின்ற இடத்திலேயே சிறிதாகத் தெரிந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

கடையில் ஐந்து நிமிடம்

வாங்குமுன் கேமராவைக் கையில் பிடித்துப் பார்ப்பது இன்றியமையாதது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் நாம் ஒதுங்கி நின்றோம். துணைவியாரே நான்கு சோதனைகள் செய்தார்.

முதலாவது, கையேட்டைப் பாராமல் கேமராவைத் திறந்து, தானியங்கு முறையில் ஒரு படம் எடுத்து, அதைத் திரையில் காண முடிகிறதா? இரண்டாவது, ஒரு கையால் பிடித்தால் நழுவுகிறதா, பொத்தான்கள் விரலுக்கு எட்டுகின்றனவா? மூன்றாவது, வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா? தெரியாவிட்டால், வியூஃபைண்டர் எனப்படும், கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதா? நான்காவது, கடையின் இருண்ட மூலையில் நிற்பவரின் முகத்தில் குவியம் விரைவாக விழுகிறதா? விற்பனையாளர் அடுக்கிய சிறப்புகளைவிட இந்தச் சோதனைகள் அதிகம் சொல்லின. இரண்டு கேமராக்கள் முதல் சோதனையிலேயே விலகிவிட்டன.

உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்டறிந்து, முறையான ரசீது பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியே கொண்டுவரப்பட்ட கேமரா விலையில் குறையலாம். பழுதானால் இங்குள்ள சேவை மையம் ஏற்காமல் போகலாம். கூடுதலாக ஒரு மின்கலமும் 32 ஜிபி நினைவட்டையும் வாங்கினால் போதுமானது. 20 மெகாபிக்சல் படங்கள் அதில் நான்காயிரம் அளவில் அடங்கும்.

பணம் பற்றி ஒரு சொல்

பழைய பெரிய கேமராவை நாம் வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினோம். வட்டியே இல்லாத கடன் என்பது நடைமுறையில் இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013லேயே தெளிவுபடுத்தியது. 36,000 ரூபாய்ப் பொருளைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் செலுத்துவதாகக் கொள்வோம். கடன் அட்டையின் வட்டி 15 விழுக்காடு எனில், அந்தத் தொகைக்குள் ஏறத்தாழ 2,760 ரூபாய் வட்டி மறைந்திருக்கும். அதைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் கழித்துக்காட்டுவர். ஆனால் அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக ஏறத்தாழ 500 ரூபாயும், சில நேரங்களில் நடைமுறைக் கட்டணமும் நம் தலையில் விழும். ஒரே தவணையில் பணம் தருவோர் அந்தத் தள்ளுபடியை நேரடியாகவே கேட்டுப் பார்க்கலாம்.

அதே 3,000 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் செலுத்தியிருந்தால், ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு எனக் கொள்ளும்போது, ஓராண்டில் 36,000 ரூபாயோடு 1,250 ரூபாய்க்கு மேல் வட்டியும் கிடைத்திருக்கும். நினைவட்டையும் உறையும் அதில் அடங்கிவிடும். இம்முறை அவ்வாறே செய்தோம். அந்த ஓராண்டுக் காத்திருப்பில் இன்னொரு நன்மையும் இருந்தது: துணைவியாரின் பட்டியல் இரண்டுமுறை திருத்தப்பட்டது.

எடுத்த படம் நிலைக்க

கேமரா வந்த பின் நாம் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கேட்டாலன்றிச் சொல்லிக்கொடுப்பதில்லை. தானியங்கு முறையிலேயே துணைவியார் ஓராண்டைக் கடத்தினார். கல்பாத்தியில் தேர் நிலைக்கு வரும் மாலையில், வடம்பிடித்தவர்களின் முகங்களை அவர் எடுத்த படங்கள் தெளிவாக இருந்தன. காடுகளுக்குச் செல்லும்போது, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று நுழைவாயிலில் விசாரிப்பதும், விலங்குகளை நோக்கி ஃபிளாஷ் ஒளியைப் பயன்படுத்தாமலிருப்பதும் நல்லது. வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் இரவிகுளம் மூடப்படும் என்பதையும் பயணத் திட்டத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவைக்கிறோம். ஒன்று வீட்டில், மற்றொன்று வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில். மழைவெள்ளம் எதைக் கொண்டுபோகும் என்பதை 2018இல் கண்ணால் கண்டவர்கள் நாம். ஆண்டுக்கு ஐம்பது படங்களைத் தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுகிறோம்.

அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் துணைவியார் கொழுக்குமலைப் படங்களில் ஒன்றை ஒட்டியிருக்கிறார். மங்கலான படத்தை ஏன் ஒட்டினாய் என்று கேட்டோம். "அம்மா நின்ற விதம் தெரிகிறதல்லவா" என்றார். அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்கென ஒரு பக்கத்தை அவர் காலியாக விட்டுவைத்திருக்கிறார்.