கைத்தொலைபேசியும் கருப்பொருளும்

ஒருவரை அறிதற்கு அவர் வாயுரை மட்டும் போதாது என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரால் பொருட்பாலில் ஓரதிகாரமும் காமத்துப்பாலில் ஓரதிகாரமும் திருவள்ளுவர் வகுத்தமை இதற்குச் சான்றாகும். முகக்குறிப்பால் அகக்கருத்தை அறிந்த காலம் அது. இக்காலத்திலோ, முகத்தினும் மிகுதியாகக் கைத்தொலைபேசியே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பர் பலர். அதிலுள்ள செயலிகளுள் எவற்றை அவர் பெரிதும் விரும்புகின்றார் என அறியின், அவர்தம் தொழிலும் சமயமும் உறவும் உள்ளமும் விளங்கும் என்பது அவர் கொள்கை. இஃது எத்துணை உண்மையுடையது, எவ்விடத்துப் பிழைபடும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் கூறினர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். ஒரு பாட்டிலே மானும் கொன்றையும் வரின் முல்லை எனவும், சுறாவும் தாழையும் வரின் நெய்தல் எனவும் கற்றோர் உய்த்துணர்வர். செயலிகளும் இக்காலத்துக் கருப்பொருள்களே எனலாம். பஞ்சாங்கச் செயலி தெய்வத்தைச் சுட்டும். உணவு தருவிக்குஞ் செயலி உணவைச் சுட்டும். பாட்டுச் செயலி யாழின் இடத்தைப் பெறும்.

வெள்ளவத்தையில் என் அயலில் வாழும் மூதாட்டி ஒருவரிடம், "உங்களுக்கு மிகவும் பிடித்த செயலி எது அம்மா?" என வினவினேன். வாட்ஸ்அப் என்றோ வைபர் என்றோ விடை வருமென எதிர்பார்த்தேன். "வேறென்ன தம்பி, மணிக்கூடுதான்" என்றார் அவர். அவரது தொலைபேசியில் கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ என மூன்று நகரங்களின் நேரமும் ஒருங்கே தோன்றின. மகள் இலண்டனிலும், 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் நாடுவிட்டகன்ற மகன் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். ரொறன்ரோ நம் நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணியும் மாரியிற் பத்தரை மணியும் பிந்தியது. அவ்வேறுபாட்டை அவர் எண்ணிக் கணக்கிடுவதில்லை. மகன் துயிலெழும் வேளையைப் பார்த்திருந்து அழைக்கின்றார். அம்மணிக்கூடு உணர்த்துவது காலத்தை அன்று; பிரிந்தோரை எண்ணி ஆற்றியிருக்கும் இருத்தலையே உணர்த்துகின்றது. தலைவிக்குரிய முல்லை ஒழுக்கத்தைத் தாய்க்கு ஏற்றியுரைத்தல் மரபன்றெனினும், அவ்வீட்டைக் கண்டோர் என்னைப் பொறுப்பர்.

இவ்வாறு கருவியைக்கொண்டு கருத்தை அறியலாம் என்பதற்கு மேனாட்டாராய்ச்சியும் ஒருவாறு துணைசெய்கின்றது. ஜெர்மனி நாட்டில் 624 பேர் தம் தொலைபேசிகளை முப்பது நாட் பயன்படுத்திய முறையை உளநூலார் ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எந்தச் செயலியைத் திறந்தனர், எப்பொழுது துயின்றனர், எவ்விடஞ் சென்றனர் என்பனவற்றைக்கொண்டு, புதுமை நாட்டம், பொறுப்புணர்ச்சி, பிறரோடு கலந்து பழகும் இயல்பு ஆகியவற்றை ஓரளவு கணித்தறிய முடிந்தது. ஆனால், பிறர்பால் இணங்கி இரங்கும் இயல்பு மட்டும் அக்கணிப்புக்குள் அகப்படவில்லை. ஒருவர் நல்லவரா என்று நாம் கேட்கும்போது பெரிதும் கருதுவது அவ்வியல்பினையே அன்றோ?

இனி, பிழைபடும் இடத்துக்கு வருவாம். உரிப்பொருள் ஒழிந்தன மயங்கவும் பெறும் என்பது தொல்காப்பியர் கருத்து. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வரலாம். அதனால் திணை மாறாது. இவ்விதியைப் பல்லாண்டு கற்பித்த யானே அதனை மறந்த கதை ஒன்றுண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பெற்றபோது ஸூம் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் பாடம் நடத்தினோம். கொட்டாஞ்சேனையில் வாழும் மாணவன் ஒருவன், ஊரடங்கு தளர்ந்த பின்னர்ப் பகல் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரவு பத்து மணிக்குப் பின்னரே அவன் பாடக்குறிப்பைப் பார்த்தமைக்குரிய நீலக்குறி தோன்றும். பகலெல்லாம் விளையாட்டுச் செயலியில் மூழ்கிக் கிடக்கின்றான் எனத் துணிந்து, அறிக்கையிலும் சோம்பன் என எழுதினேன்.

பாடசாலை மீளத் திறந்தபோது அவன் தந்தை என்னைக் காண வந்தார். அவர் முச்சக்கரவண்டிச் சாரதி. தம் தொலைபேசியை எடுத்து என்முன் நீட்டினார். வாடகைக்கு அழைப்போரை அறிவிக்கும் பிக்மீச் செயலி முதலில் நின்றது, அடுத்து முருகன் பாடல்கள், அதனருகே குழந்தைகள் விளையாட்டு, அப்பால் ஸூம். "வீட்டில் இருக்கிறது இந்த ஒரு போன்தான் சேர். பகலில் இது என்னோடு ஓடும்" என்றார். மாலையில் அது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காளுக்கு. சிறிதுபொழுது அழுகின்ற தங்கைக்கு. பத்து மணிக்குப் பின்னரே என் மாணவனுக்கு. ஒரு திரையில் நால்வர் திணைகள் மயங்கியிருந்தன. யான் கண்ட நீலக்குறி சோம்பலின் அடையாளமன்று. எல்லார்க்கும் பின்னர்த் தன்முறை வருமளவும் காத்திருந்த ஒரு சிறுவனின் பொறுமை. அவ்வறிக்கையைத் திருத்தி எழுதினேன். எழுதிய கையின் நாணம் இன்னும் தீரவில்லை.

பிறரை விடுத்து என்னையே ஆராயினும் இதே மயக்கம் உண்டு. விருப்பமானது எதுவென வினவுவார்க்கு, 2005ஆம் ஆண்டு தொடங்கி ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் இணையத்தளத்தையே யான் கூறுவேன். வாரந்தோறும் என் தொலைபேசி தருங் கணக்கோ யூடியூப் என்கின்றது. முன்னையது யான் ஆகவிரும்புவதைக் காட்டும். பின்னையது களைத்த மாலைப்பொழுதைக் காட்டும். இரண்டும் யானே, இரண்டில் ஒன்றுமட்டும் யான் அல்லேன்.

ஆகவே, செயலிகள் ஒருவரைப் பற்றி ஒன்றும் உணர்த்தா என்பதும் பிழை. எல்லாம் உணர்த்தும் என்பதும் பிழை. அவை கருப்பொருள், உரிப்பொருளை அறிதற்கு வாயிலேயன்றி முடிபு அல்ல. அக்கருவியை அவர் யார்பொருட்டு, எந்நிலையில் நின்று கையாளுகின்றார் என்பதே உரிப்பொருள். அதனை எந்தத் திரையும் தானே சொல்லாது. அருகிருந்து கேட்டே அறிதல் வேண்டும். மாணவர் கையிலுள்ள தொலைபேசியைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியராகிய நாம், தீர்ப்பெழுதுமுன் ஒரு வினாவேனும் கேட்போமாக.