சொல்லைத் தேடி – 9: வாரத்துக்குப் பத்து மணி நேரம்

மேசையைச் சுற்றி மூன்று பேர். மூவரும் பக்கவாதத்தில் பேச்சைப் பறிகொடுத்தவர்கள். ஒருவர் கையிலுள்ள சீட்டு அடுத்தவருக்குத் தெரியாதபடி நடுவில் தடுப்புகள். சீட்டில் ஒரு படம்; அதன் ஜோடி வேறு யாரிடமோ இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கையால் காட்டினால் தடுப்பு மறைத்துவிடும். முதலில் "பூ" என்ற ஒரு சொல் போதும். போகப்போக, "உங்களிடம் பூப்படம் இருக்கிறதா?" என்று முழுசாகக் கேட்க வேண்டும். தினமும் மூன்று, நான்கு மணி நேரம். இப்படிப் பத்து நாள்.

ஜெர்மனியின் புல்வெர்முல்லர் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வு இது. 17 பேர்தான். சிலருக்கு இந்தச் சீட்டாட்டம். மற்றவர்களுக்கு ஏறக்குறைய அதே மணிக்கணக்கில் வழக்கமான பயிற்சி, ஆனால் சுமார் நான்கு வாரங்களுக்குப் பரப்பி. சீட்டாடியவர்களே கூடுதலாகத் தேறினார்கள். தேற்றியது ஆட்டமா, அடுத்தடுத்துக் கிடைத்த பயிற்சியா? அந்தச் சிறிய ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பெரிய ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஜெர்மனியின் 19 மையங்கள், 156 நோயாளிகள். பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது கடந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். "ஆறு மாதத்துக்குள் வந்ததுதான் பேச்சு" என்று எத்தனை குடும்பங்கள் கேட்டிருக்கின்றன! பாதிப் பேருக்கு உடனே மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. மீதிப் பேர் மூன்று வாரம் காத்திருந்து பிறகு பெற்றார்கள். சோதனைக் கேள்விகள் அன்றாட வாழ்விலிருந்து வந்தவை: சலவைக்குப் போட்ட சட்டை தீய்ந்து திரும்பி வந்தால் கடைக்காரரிடம் என்ன சொல்வீர்கள் என்பது போல. பயிற்சி பெற்றவர்களின் பேச்சு முன்னேறியது. காத்திருந்த வாரங்களில் மற்றவர்களிடம் மாற்றமே இல்லை. கிடைத்த முன்னேற்றம் ஆறு மாதம் கழித்தும் நிலைத்தது.

எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 216 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு வாரத்தில் 30 மணி நேரப் பயிற்சி கொடுத்தும், முதன்மை அளவுகோலான பேச்சிழப்பின் கடுமை எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆனால் சொல் தேடி எடுப்பதும் அன்றாட உரையாடலும் மேம்பட்டன. எனக்கு அதுவே பெரிது. பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிற தாத்தாவுக்கு மதிப்பெண் எதற்கு?

பிறகு ஏன் இத்தனை மணி நேரப் பயிற்சி மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை? நடக்காத கால் எல்லார் கண்ணிலும் படுகிறது. வராத சொல் நோயாளிக்குள்ளேயே கிடக்கிறது. பயிற்சியாளர்கள் குறைவு, அவர்கள் நாள் அரைமணித் துண்டுகளாகக் கூறுபோடப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-ல் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாளுக்கு 45 நிமிடமாவது என்றது. 2023-ல், பேச்சுப் பயிற்சியும் சேர்த்து மொத்த மறுவாழ்வுச் சிகிச்சை நாளுக்கு மூன்று மணி நேரமாவது, வாரத்தில் ஐந்து நாளாவது வேண்டும் என்று மாற்றியது. காகிதத்தில் வந்தது வார்டுக்கும் வர வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், "பேச்சுப் பயிற்சி உண்டா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்றும் கேளுங்கள். பக்கவாதம் வந்து வருடங்கள் ஆகியிருந்தாலும் கேளுங்கள்.

(தொடரும்)