முத்துக்கு ஆகாத சூடு

அசலா என்று பார்க்கும் சோதனையே அசலைக் கெடுக்கிறது

லைட்டரைத் தட்டி, சரத்தில் இருக்கும் ஒரு முத்தின் மேல் சுடரைப் பிடிக்கிறார் வியாபாரி. கரி படிகிறது. துணியால் துடைத்ததும் முத்து பழையபடி மின்னுகிறது. "அசல்" என்கிறார் பெருமிதமாக. ஹைதராபாத் சார்மினார் பக்கம் முத்து வாங்கப் போன பலரும் பார்த்திருக்கும் காட்சி இது. இதில் நிரூபணமாவது ஒன்றுதான்: அது பிளாஸ்டிக் அல்ல. கண்ணாடி மணியும் இந்தச் சுடரைத் தாங்கும். சேதம் அசல் முத்துக்குத்தான்.

காரணம், முத்து கல் அல்ல. சிப்பிக்குள் ஓர் உயிர் சுரந்த பொருள். அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நுண்ணிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கும் அதை ஒட்டிவைத்திருப்பது கான்கியோலின் என்ற புரதம். கூடவே 2 முதல் 4 சதவீதம் நீர். சூடு பட்டால் முதலில் போவது இந்த நீர்தான். மேலடுக்கு வறண்டு மயிரிழை விரிசல் விடுகிறது. புரதம் மஞ்சளாகிறது, நெருப்பு நேராகப் பட்டால் பழுப்பேறுகிறது. விரிசல் விட்ட முத்தை எந்த பாலிஷும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

வேடிக்கை என்னவென்றால், ஹைதராபாத் முத்துத் தொழிலில் வெயிலுக்கும் ஒரு வேலை உண்டு. சீனாவிலிருந்து வரும் நன்னீர் முத்துகளைத் துளையிட்டு, கொதிக்கவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் நிரப்பிய பாட்டில்களில் போட்டு, அடியில் கண்ணாடி பதித்த பெட்டிகளில் சில நாட்கள் வெயிலில் வைக்கிறார்கள். நிறம் வெளுக்கிறது. ஆனால் அங்கே முத்து திரவத்தில் மூழ்கியிருக்கிறது. வெளுக்கச் செய்வது வெளிச்சமும் ரசாயனமும். அதை நம்பி மஞ்சளான சரத்தை மொட்டை மாடியில் காயவைத்தால் உள்ளதும் போகும். சாயமேற்றிய முத்து என்றால் நிறமும் வெளிறும்.

மே மாதத்தில் ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 60 டிகிரிக்கு மேல் சுடும். கல்யாணத்திலிருந்து திரும்புகிறவர்கள் கழற்றி வைப்பது பெரும்பாலும் அங்கேதான். அடுப்படி அலமாரியும் ஜன்னலோர மேஜையும் அதே ரகம். பாங்க் லாக்கர் வேறு வகை: அங்கே சூடு இல்லை, ஆனால் வறண்ட காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் முத்துக்கு ஆகாது. நகைப்பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தைப் போட்டு வைப்பது இன்னும் மோசம். அவ்வப்போது எடுத்து அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, மென்மையான துணிப்பையில் வைத்தால் போதும்.

வெயிலைவிடப் பெரிய வில்லன் பத்தர் கடை நெருப்பு. தோட்டின் திருகு உடைந்தால் பொடி வைத்து ஊதும்போது, சுடர் முத்தைத் தொடாவிட்டாலும் தங்கத்தின் வழியே சூடு ஏறிவிடும். தோட்டில் முத்து பெரும்பாலும் சிறு கம்பியில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றிய பிறகே ஊத வேண்டும். நீராவியில் சுத்தம் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடலாம்.

அசலா என்று பார்க்க நெருப்பு தேவையே இல்லை. பல்லில் லேசாக உரசினால் அசல் முத்து நறநறக்கும். கண்ணாடி மணி வழுக்கும். இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதை மட்டும் ஆய்வகத்தின் எக்ஸ்ரேதான் சொல்லும்.