உங்களுக்குத் தெரியுமா? பட்டாவும் 'பிரைவேட்' டேட்டாவும்

● மருங்காபுரி வட்டத்தில் உங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறதா? பட்டாவை அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அதில் ஓர் எழுத்தைக்கூட நீங்களாகத் திருத்த முடியாது. பட்டா மாறுதலுக்கு மனுப் போட வேண்டும். உட்பிரிவு என்றால் சர்வேயர் அளக்க வேண்டும். அப்புறம்தான் தாசில்தார் உத்தரவு. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கில் இதற்குப் பெயர் என்கேப்சுலேஷன். விவரம் ஆப்ஜெக்ட்டுக்குள் 'பிரைவேட்' ஆகப் பூட்டியிருக்கும். மாற்றுவதற்கென்று வைத்த மெத்தட் வழியாகத்தான் மாற்றலாம்.

வலைத்தளத்தில் இதனால் என்ன லாபம்? முறுக்கு விற்கும் தளம் ஒன்று. இருப்பு 5 பாக்கெட், ஆர்டரோ 7. இருப்பைக் கழிக்கும் வேலை ஒரே மெத்தடில் இருந்தால் 'இருப்பு போதாது' என்ற தடையை அங்கே ஒருமுறை எழுதினால் போதும். ஆளாளுக்கு ஒரு பக்கத்தில் கழித்துக்கொண்டிருந்தால், என்றாவது ஒருநாள் இருப்பு மைனஸ் 2 என்று நிற்கும். எங்கே தப்பு என்று ராத்திரி பூராவும் தேட வேண்டியதுதான்.

● கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுக்கான வார்ப்பு), ஆப்ஜெக்ட் எல்லாம் இணையத்துக்கு மூத்தவை. நார்வேயின் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67-இல் பிறந்தவை. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரே ஆப்ஜெக்டிவ்-சி என்ற ஆப்ஜெக்ட் மொழியில்தான்.

● முறுக்கு நாழி ஒன்றுதான். தட்டை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி. தட்டு நாழிக்குள் பொருந்தினால் சரி. ஓட்டை எப்படி என்று நாழி கேட்பதில்லை. தளத்தில் யுபிஐ, கார்டு, டெலிவரியில் ரொக்கம் என எதுவானாலும் 'பணம் வாங்கு' என்ற ஒரே மெத்தட் வேலை செய்வதும் இப்படித்தான். பாலிமார்ஃபிசம் என்ற பெயர்தான் பயமுறுத்தும்.

● ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் பத்தே நாளில் உருவானது. 'கிளாஸ்' என்ற சொல் அதில் நுழைய 2015 ஆனது. 2019-இல் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஹூக்ஸ் வந்ததும் பலர் கிளாஸை விட்டு ஃபங்ஷனுக்குத் தாவினார்கள். எல்லாவற்றுக்கும் கிளாஸ் எழுதச் சொல்லும் வாத்தியார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

● புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குமிடம் இன்ஹெரிட்டன்ஸ். மணப்பாறைச் சந்தைக்கு வரும் காளை ஒருவகை மாடு. அதனால் 'மாடு' கிளாஸுக்கு அது வாரிசாகலாம். ஆனால் மருங்காபுரி ஒருவகைத் திருச்சி மாவட்டமா? இல்லையே, மாவட்டத்துக்குள் இருக்கும் வட்டம். ஆகவே மாவட்டத்திடம் வட்டங்களின் பட்டியல், வட்டத்திடம் கிராமங்களின் பட்டியல். வாரிசு முறையைவிட இந்தச் சேர்க்கை முறையே மேல் என்று 1994-இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலே சொல்லிவிட்டது. மருங்காபுரி, மணப்பாறை வட்டத்திலிருந்து பிரிந்ததுதான். பட்டியல் முறையில் எழுதியிருந்தால் துவரங்குறிச்சியை அங்கிருந்து எடுத்து இங்கே சேர்த்தால் முடிந்தது. பட்டாதாரர் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.