ஏறும்போது வலித்தால் பல்லா? இறங்கும்போது வலித்தால் சைனஸா? தெரியுமா?

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஊட்டி சேரிங்கிராஸ் வந்து சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வித்தை உங்கள் கன்னத்துக்குள்ளும் நடக்கிறது, தெரியுமா?

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். இந்த ஏற்றத்துக்குள் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது! பாக்கெட்டில் அடைபட்ட காற்று உப்பாமல் என்ன செய்யும்? நம் முகத்திலும் காற்றறைகள் உண்டு. கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்புக்குள், பக்கத்துக்கு ஒன்று. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 15 மில்லி; மூன்று டீஸ்பூன் கொள்ளும். இதுதான் நாம் பொத்தாம்பொதுவாக 'சைனஸ்' என்று திட்டுகிற ஆசாமி. சித்த வைத்தியர்கள் இதன் நோயைப் பீனிசம் என்பார்கள்.

மேல் கடவாய்ப் பற்களின் வேர்கள் இந்த அறையின் தரைக்கு அடியிலேயே நிற்கின்றன, தெரியுமா? நடுவே இருப்பது மெல்லிய எலும்பு. சிலருக்கு அதுகூட இல்லை, வெறும் சவ்வுதான்! பல்லுக்குப் போகும் நரம்போ அறையின் சுவர் வழியாகத்தான் போகிறது. எஸ்டேட் லைன் வீடு மாதிரி என்று வையுங்களேன். இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் சண்டை என்றால் இந்தப் பக்கம் தூக்கம் போச்சு. சத்தம் எந்த வீட்டில் என்று மூளைக்கே குழப்பம். சொத்தையே இல்லாத பல்லைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, பல்லை மறந்துவிட்டு வருஷக்கணக்கில் ஆவி பிடிப்பவர்களும் உண்டு.

கண்டுபிடிப்பது எப்படி? குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். கன்னம் கனத்து 'திம்'மென்று வலி ஏறுகிறதா? படி இறங்கும்போது ஒவ்வொரு அதிர்வுக்கும் மேல் பற்கள் வரிசையாக வலிக்கின்றனவா? மூக்கடைப்பு, கெட்டிச் சளி, டீயின் வாசனையே தெரியாத நிலை, எல்லாம் கூட்டாக வந்திருக்கிறதா? சந்தேகம் சைனஸ் மேல். அதுவே 'இதோ, இந்தப் பல்' என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், தட்டினால் சுரீர் என்றால், ஊட்டி வர்க்கியைக் கடித்ததும் உயிர் போனால், கை நீளுவது பல்லை நோக்கி. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், தெரியுமா? ஆனாலும் அந்த டீயின் ஒரு மடக்குக்குப் பிறகு பல் பத்து நிமிஷம் விண்விண் என்று தெறித்தால், உள்ளே பற்கூழ் வரைக்கும் சங்கதி போய்விட்டது. கீழ்ப்பல் மட்டும் வலிக்கிறதா? சைனஸை விட்டுவிடலாம், கீழ்த்தாடைக்கு நரம்புக் கிளையே வேறு. (மேடு ஏறும்போது மட்டும் தாடை வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் பல்லும் இல்லை, மூக்கும் இல்லை. இதயமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி!)

இப்போது தலைப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளைப் படுத்திய ஒரு பல்வலி உண்டு, தெரியுமா? பழுதான பல் உயரே போகும்போது வலிக்கும். அடைத்துக்கொண்ட சைனஸோ பெரும்பாலும் இறங்கும்போது சேட்டை செய்யும். வெளியே அழுத்தம் கூடுகிறது, உள்ளே காற்று நுழைய வழியில்லை, அறையின் சவ்வை உறிஞ்சி இழுக்கிறது. மலைப்பாதையில் இது எல்லோருக்கும் வருவதல்ல. ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு வரலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், துப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 46 கிலோமீட்டரைக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஏறும் நம் பல்சக்கர ரயில் இந்த விஷயத்தில் தர்மவான். காதும் மூக்கும் சமாளித்துக்கொள்ள அவகாசம் தருகிறது. (பல்வலிக்காரருக்குப் பல்சக்கர ரயில்! யார் பெயர் வைத்தார்களோ!)

இன்னும் கேளுங்கள். இரண்டு வலிக்கும் கைமருந்து இதே மலைப்பாதையில்தான் விளைகிறது! அடிவாரப் பக்கம் பர்லியாறு, அங்கே கிராம்பு. அதிலுள்ள யூஜினால் பல் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும். உச்சியில் தைல மரம், 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளி. அதன் இலையிலுள்ள சினியோல், மூக்கின் குளிர் உணரும் நரம்புகளைத் தட்டிவிடுகிறது. மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கும். அடைப்பு அங்கேயே இருக்கலாம்! தைலத்தை முகரலாம், குடிக்கவே கூடாது, சின்னக் குழந்தை கையில் எட்டவும் கூடாது. இரண்டுமே சொத்தையை ஆற்றாது.

சைனஸ் அறைக்கு வடிகால் எங்கே தெரியுமா? அடியில் அல்ல, மேலே, கூரைக்குப் பக்கத்தில்! எந்தக் கொத்தனாரும் தொட்டிக்கு இப்படித் துளை வைக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியை ராப்பகலாக மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஜலதோஷத்தில் அவை சோர்ந்தால் தேங்கல்தான். பெரும்பாலும் வைரஸ், பத்து நாளில் தணியும். ஒரே பக்கம் மட்டும் அடைத்து, வாடையோடு சளி வந்தால் பழையபடி பல்லையே பாருங்கள். வேரில் பிடித்த சீழ் தரையைத் துளைத்து மேல்வீட்டுக்குக் குடிபோயிருக்கலாம். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது.

மேல் கடவாய்ப் பல்லைப் பிடுங்கியபின் குடித்த டீ மூக்கு வழியாக வந்தவர்கள் உண்டு, தெரியுமா? தரையில் ஓட்டை விழுந்துவிட்டது, அவ்வளவுதான். 1651-இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த அறையை விவரித்து எழுதினார். அதில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியில் நீர் வடிந்துகொண்டே இருக்க, அந்தப் பெண்ணே ஓர் இறகை உள்ளே விட்டுப் பார்த்தாராம். போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது! மூளைக்கே போய்விட்டது என்று நடுங்கிப்போனார். ஹைமோர் விளக்கினார்: இறகு கன்னத்து அறைக்குள் சுருண்டு கிடந்தது.