சாவி யார் கையில்?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதென்றால் நமக்கெல்லாம் அலுப்புத்தான். கணினிக்கோ அலுப்பு என்பதே கிடையாது. அத்தகைய வேலைகளைக் கணினியிடமே ஒப்படைக்க உதவும் கருவிகளுள் ஒன்று ஸாப்பியர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா என்னும் ஊரில், வேட் ஃபாஸ்டர், பிரையன் ஹெல்மிக், மைக் கனூப் என்னும் மூன்று இளைஞர்கள் 2011-ஆம் ஆண்டு இதைத் தொடங்கினார்கள். ஒரு செயலியில் இது நடந்தால் இன்னொரு செயலியில் அது நடக்க வேண்டும் என்று ஒரு முறை சொல்லி வைத்தால் போதும்; பிறகு எல்லாம் தானாகவே நடக்கும்.

எங்கள் ஆண்டு மலர்க் குழுவும் இதைப் பயன்படுத்தியது. மாணவியர் தம் படைப்புகளைக் கூகுள் படிவத்தில் அனுப்புவார்கள். உடனே குழுவினருக்கு ஜிமெயில் வழியாகச் செய்தி வரும். சென்ற ஆண்டு எங்கள் கணினி ஆசிரியை இதை அமைத்துத் தந்தார். இவ்வாண்டு இரண்டு வாரமாக ஒரு செய்தியும் இல்லை. யாருமே எழுதவில்லை போலும் என்று சோர்ந்து போனோம். ஒரு நாள் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, என் கவிதை நன்றாக இல்லையா?" என்று கண் கலங்கக் கேட்டாள். பதறிப் போய்ப் படிவத்தைத் திறந்து பார்த்தோம். 23 படைப்புகள் அங்கே காத்துக் கிடந்தன!

இதற்குக் காரணம் என்ன? நம் கணக்கை ஸாப்பியருடன் இணைக்கும்போது கூகுளின் சொந்தப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் தருகிறோம். ஸாப்பியர் அதைப் பார்ப்பதில்லை. "இன்னின்ன வேலைகளுக்கு அனுமதிக்கிறீர்களா?" என்று கூகுள் கேட்கும். நாம் சம்மதித்தால் ஸாப்பியருக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். இம்முறைக்கு ஓஆத் என்று பெயர். இதன் 2.0 வடிவம் 2012-இல் வெளியானது. சிஸ்டர் தம் சாவிக் கொத்தைத் தராமல், நூலக அலமாரிச் சாவியை மட்டும் நம்மிடம் தருகிறார் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

எங்கள் ஆசிரியை தம் சொந்த ஜிமெயில் கணக்கை இணைத்திருந்தார். வேறு ஊருக்குச் சென்ற பின் கடவுச்சொல்லை மாற்றினார். அப்படி மாற்றினால் ஜிமெயிலுக்கென வழங்கிய டோக்கன் செல்லாமல் போகும். பழுதை அறிவிக்கும் கடிதமும் அவருக்கே போயிற்று. புதிய பணியின் நெருக்கடியில் அவர் அதைக் கவனிக்கவில்லை. பூட்டு நம்முடையது, சாவி இன்னொருவருடையது என்றால் வேறென்ன நடக்கும்?

செல்லாத டோக்கனால் வேலை நிற்கும். திருடுபோன டோக்கனாலோ பொருளே போய்விடும். கிட்ஹப் என்பது மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமிக்கும் தளம். அதனுடன் இணைய ஹெரோக்கு, டிராவிஸ் சிஐ என்னும் இரு சேவைகளுக்குத் தரப்பட்டிருந்த டோக்கன்கள் திருடர் கையில் சிக்கின. அவற்றைக் கொண்டு பல நிறுவனங்களின் தனி நிரல்கள் எடுக்கப்பட்டன என்று 2022 ஏப்ரலில் கிட்ஹப் அறிவித்தது. கடவுச்சொல்லைக் காப்பது மட்டும் போதாது என்பது இதனால் விளங்குகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. பொது வேலைக்குப் பொதுக் கணக்கையே இணைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் "மலர்க் குழு ஜிமெயில்" என்பது போல விளங்கும் பெயர் சூட்ட வேண்டும். சம்மதம் தருமுன் என்னென்ன கேட்கப்படுகிறது என்று படிக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் மீண்டும் இணைத்து, ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். நீக்குமுன் எந்தெந்த வேலைகள் அதை நம்பியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஸாப்பியரில் நீக்கியதோடு நில்லாமல், கூகுள் கணக்கில் உள்ள இணைப்புகளின் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.

இப்போது பள்ளியின் கணக்கே இணைக்கப்பட்டுள்ளது. அதைக் கவனிக்கும் பொறுப்பைச் சிஸ்டர் ஏற்றுள்ளார். அந்தத் தங்கையின் கவிதையும் இம்மலரில் இடம்பெற்றுள்ளது. கருவிகள் நமக்காக உழைக்கட்டும். ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை நாம் என்றும் மறவாதிருப்போமாக!